தாத்தாவின் மோரிஸ் மைனர் வளைவில் சாய்கிறது: சஸ்பென்ஷனில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா விட்டுப்போன 1963ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, ஓடும் நிலையில் இருக்கிறது. ஆனால் வளைவில் படகு போலச் சாய்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. ஓட்டுநர் பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்தும் நிற்கிறது. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, காரை 60 மி.மீ. இறக்கி, நான்கு சக்கரத்துக்கும் குழாய் வடிவ ஷாக் அப்சார்பர் போட்டு, இணைப்புகளில் மெத்தை போல இருக்கும் ரப்பர் புஷ் அத்தனையையும் கெட்டியான பாலியூரித்தேனாக மாற்றித் தருவதாக விலை சொல்லியிருக்கிறார்களாம். செய்யலாமா, செய்தால் எதில் தொடங்குவது, ஸ்பிரிங்கையும் கெட்டிப்படுத்தலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். அந்த விலைப்பட்டியலை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நடுக்கத்துக்கு அதில் மருந்தே இல்லை. ஒரு பக்கத் தாழ்வுக்கும் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தாழ்த்திவிட்டால் தாழ்வு தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. புஷ் மாற்றுவதால் சத்தம் ஓரளவு அடங்கலாம். அறுபது வயதைத் தாண்டிய வண்டியில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமலேயே எதைக் கூட்டுவது என்று பேசுகிறார்கள். முதலில் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அது எப்படி ஓடியதோ அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் அப்போது கூட்டலாம். நான் பார்த்த மைனர்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாதத்தோடு நின்றுவிட்டன. அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இந்த வண்டி சாதாரணமாக வரையப்பட்டது அல்ல. பின்னாளில் மினியைக் கொடுத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வரைந்தார். 1948இல் வெளிவந்தபோது, அந்த விலையில் கிடைத்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் இல்லாத இரண்டு நல்ல விஷயங்கள் இதில் இருந்தன: ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (பற்சக்கரம் ஒன்று, ராக் எனும் பல் வெட்டிய தண்டை நகர்த்திச் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு), தனித்தனியாக ஏறி இறங்கும் முன்சக்கரங்கள். கடைசி நேரத்தில் மாதிரி வண்டி குறுகலாகத் தெரிகிறது என்று நடுவில் அறுத்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார் அவர். பானெட்டின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டை அறுத்த இடத்தின் அடையாளம்தான். அந்த நாலங்குல அகலம்தான் வளைவில் வண்டிக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது. ஒழுங்காக இருக்கும் மைனர் வளைவில் கொஞ்சம் சாயும், ஆனால் சொன்ன இடத்துக்குப் போகும். படகு போல ஆடாது. உங்களுடையது ஆடுகிறது என்றால் நோய் வேறு.

முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு காலைப் பார்க்கலாம். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளவாக்கில் படுத்திருக்கும் இரும்புத் தண்டு ஒன்று, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, முறுகி நிமிர்ந்து ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. இதுதான் டார்ஷன் பார். அதன் பின்முனை, முன்னிருக்கைக்குக் கீழே தரையோடு சேர்ந்திருக்கும் குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். முன்பக்கத்தின் எடை முழுவதும் முறுக்காக மாறி அந்தச் சட்டத்தில்தான் போய் நிற்கிறது. டர்பன் காற்றில் உப்பு. கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இரும்பு அதை மறப்பதில்லை. குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கின் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) முன்கண் மாட்டியிருக்கும் இடம் ஆகிய மூன்றையும் திருப்புளியாலும் சிறு சுத்தியலாலும் தட்டிக் குத்திப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டாலோ, திருப்புளி உள்ளே போனாலோ, சஸ்பென்ஷன் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டிங் வேலைக்குப் போங்கள். துருப்பிடித்த சட்டத்தில் புது ஸ்பிரிங் மாட்டுவது, ஆடும் பல்லுக்குத் தங்க உறை போடுவது போல. கறுப்புத் தார்ப் பூச்சு கனமாகப் பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள், சுரண்டிப் பாருங்கள். நான் வேலை கற்ற காலத்தில், துருவின் மேல் அந்தப் பூச்சை அடித்து விற்ற வண்டிகளை எண்ணி மாளாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதை எழுதவே உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மைனரின் முன்சக்கரம் ஒரு செங்குத்துத் தண்டில் திரும்புகிறது. அந்தத் தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரைகள் ட்ரனியன் எனப்படும் கட்டைகளுக்குள் ஏறியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்தக் கட்டைக்குள் கொஞ்சம் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது. கீழ்க்கட்டையின் மரைதான் சுமையைத் தாங்குகிறது. கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்துகொண்டே போய் ஒரு நாள் பிடி விட்டுவிடும். அப்போது தண்டு கட்டையை விட்டுக் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மியர்பேங்கில் நான் வேலை பார்த்த பட்டறையின் முற்றத்தில் ஒரு வாடிக்கையாளர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். ஸ்டியரிங் முழுவதும் திரும்பியிருந்தது; நடை வேகம்கூட இல்லை. மரம் முறிவது போல ஒரு சத்தம். வண்டியின் வலது மூலை மண்டியிட்டது. அவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் அதே வண்டியில் நெடுஞ்சாலையில் வந்திருந்தார். பெரும்பாலும் இது மெதுவாகத் திரும்பும்போதுதான் நடக்கும் என்பது ஒரு ஆறுதல். எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

சோதிப்பது எளிது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுங்கள். 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால், வீட்டில் யாரையாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் தேய்ந்தது சக்கரத்தின் பேரிங். ஆட்டம் அப்படியே இருந்தால் ட்ரனியன். இந்தப் பிரேக் வித்தை தெரியாமல், நல்ல பேரிங்குகளைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

ஆட்டம் இல்லையென்றால் கிரீஸ் அடியுங்கள். அதிலும் ஒரு முறை இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது அடித்தால், சுமை அழுத்தும் பக்கத்துக்குள் கிரீஸ் நுழையாது. தூக்கி வைத்து அடிக்க வேண்டும். கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் முழுவதும் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். பிறகு சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சில முறை திருப்பிவிட்டு இன்னும் இரண்டு அழுத்து அழுத்துங்கள். 1,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது 1,600 கிலோமீட்டருக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. 'ட்ரனியனுக்குக் கிரீஸ் கூடாது, கியர் எண்ணெய்தான்' என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் ட்ரையம்ஃப் வண்டி வைத்திருப்பவர்கள். அந்தக் கார்களுக்கு அது சரி. மைனருக்குக் கிரீஸ்தான்.

மரை தேய்ந்திருந்தால் தண்டும் கட்டையும் சேர்த்து, இரண்டு பக்கமும் மாற்றுங்கள். புதுக் கட்டையைப் பழைய தண்டில் ஏற்றுவது, கிழிந்த வேட்டிக்குப் புதுக் கரை தைப்பது. உங்கள் பட்ஜெட்டின் முதல் ரூபாய் என்று எழுத வந்தேன். முதல் ராண்ட் இங்கேதான் போக வேண்டும்.

80இல் வரும் நடுக்கத்துக்கு ட்ரனியன் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. '2314' என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000க்கு முன் பிறந்தது. அதை ஊஞ்சல் கட்ட வைத்துக்கொள்ளுங்கள். பூ தேயாமலே ரப்பர் கெட்டியாகிவிடும், ஓரிடத்தில் மாதக்கணக்கில் நின்றதில் தட்டையும் விழுந்திருக்கும். 14 அங்குலத்தில் நல்ல குறுகலான ரேடியல் நான்கு வாங்கிப் போட்டு பேலன்ஸ் செய்யுங்கள். வண்டி பிறந்தபோது அதில் இருந்தவை குறுக்கு இழை டயர்கள். ரேடியலுக்கு மாறுவதே இந்தக் காரில் செய்யக்கூடிய மிகப் பெரிய சஸ்பென்ஷன் மேம்பாடு என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் நான்கையும் மாற்றுங்கள். ஒரு காரில் இரண்டையும் கலக்காதீர்கள். அகலமான டயர் ஆசை வேண்டாம். ஸ்டியரிங் கனத்துப்போகும், ட்ரனியன் பாடு இன்னும் அதிகமாகும்.

'டக் டக்' சத்தத்துக்கு வருவோம். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை, உள்பக்கம் ஒரு கண் போல்ட்டில் மாட்டியிருக்கிறது. அதில் ரப்பர் புஷ். அந்தக் கையை முன்பக்கமாகப் பிடித்திழுக்கும் ஒரு கம்பி உண்டு; அதன் முனையிலும் ரப்பர். இந்த இரண்டும் பிசுபிசுத்துப் போயிருந்தால், வேகத்தடையில் இரும்பு இரும்பை அடிக்கும். கை மேலே வந்து முட்டும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் முட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அது எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். பாலியூரித்தேன் விஷயத்தில் நான் பாதி ஆமாம், பாதி வேண்டாம் என்பவன். கண் போல்ட்டில் போடுங்கள். அங்கே ரப்பர் சீக்கிரம் கெடுகிறது, இது நீடிக்கும், ஸ்டியரிங்கும் துல்லியமாகும். முன் கம்பியில் ரப்பரையே விடுங்கள். கை மேலும் கீழும் போகும்போது அந்த முனை வளைந்து கொடுக்க வேண்டும், அங்கே கெட்டிப்பொருள் வைத்தால் கம்பிக்குத்தான் சிரமம். பின் பட்டை ஸ்பிரிங்கின் கண்களில் எது போட்டாலும் ஓடும், ஆனால் பாலியூரித்தேன் போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் உங்கள் முதுகெலும்புக்கு வந்து வணக்கம் சொல்லும். போடும்போது சிலிகோன் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு போலக் கத்திக்கொண்டே வரும்.

தாழ்ந்து நிற்கும் ஓட்டுநர் பக்கம்: தாத்தா தனியாகவே அதிகம் ஓட்டியிருப்பார். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம். அறுபது ஆண்டு அந்தப் பக்கத்து டார்ஷன் பார்தான் அவரைச் சுமந்தது. தண்டு முறிந்துவிடவில்லை, கொஞ்சம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் முனையில் பற்கள் இருக்கின்றன. பின்முனை நெம்புகோலைக் கழற்றி, பல் தள்ளிப் பொருத்தினால் உயரம் திரும்ப வரும். புதுத் தண்டு தேவையில்லை. ஆனால் நீங்களே ஞாயிற்றுக்கிழமை காலையில் முயற்சி செய்யாதீர்கள். முறுகியிருக்கும் தண்டு விடுபட்டால் கையை முறித்துவிடும். கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மெல்ல மெல்ல முறுக்கை இறக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

அவரிடமும் இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள். இடத் தண்டையும் வலத் தண்டையும் மாற்றிப் போடக் கூடாது. ஒரு திசையில் முறுகிப் பழகியதை எதிர்த்திசையில் முறுக்கினால் உடையும். தண்டைக் குழாய் ரெஞ்ச்சால் கவ்வக் கூடாது; அந்தப் பல் தடம்தான் பின்னாளில் விரிசலாகும். இன்னொன்று, பெடலின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் ஓட்டுநரின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டுகளைக் கழற்ற டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். எப்படியும் தண்டைத் தளர்த்துகிறீர்கள் என்றால் அதே நாளில் மாஸ்டர் சிலிண்டரையும் பார்த்துவிடுங்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை.

இனி ஷாக் அப்சார்பர். மைனரில் இருப்பது குழாய் வடிவம் அல்ல. ஒரு வார்ப்பு உலோகப் பெட்டி, உள்ளே எண்ணெய், பிஸ்டன்கள், வெளியே நீட்டியிருக்கும் ஒரு கை. 'கை ஷாக்' என்போம். முன்பக்கத்தில் இந்தக் கை வெறும் ஷாக்கின் கை மட்டுமல்ல. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேற்கையும் அதுவேதான். உங்களுக்கு விலை சொன்னவர்கள் இதைச் சொன்னார்களா? முன்பக்கத்துக்குக் குழாய் ஷாக் போட்டாலும் பழைய பெட்டி அங்கேயே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வால்வை எடுத்துவிட்டு வெறும் கீலாக வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெட்டியின் அச்சு தேய்ந்திருந்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் சக்கரத்தின் மேல்முனை ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் பழைய பெட்டிகள் செத்துவிட்டனவா என்று முதலில் பாருங்கள். கடையில் செய்வது போல மூலையை அழுத்தி விட்டுப் பார்ப்பது பாதிச் சோதனைதான். பின்பக்கத்து இணைப்பைக் கழற்றி, கையைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். தேனுக்குள் கரண்டி விட்டது போல இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் 'சட்'டென்று வெறுமையாகப் போனால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது காற்று நுழைந்திருக்கிறது. மூடியைச் சுற்றிப் பிரஷ்ஷால் நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, 20 தர ஷாக் எண்ணெய் ஊற்றி, கையை அசைத்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி ஊற்றுங்கள். என்ஜின் எண்ணெய் வேண்டாம். பிரேக் திரவம் வேண்டவே வேண்டாம். ஒரு துளி மணல் உள்ளே விழுந்தாலும் வால்வு போயிற்று. துடைப்பதில் சோம்பல் படாதீர்கள்.

அச்சு வழியாக எண்ணெய் ஒழுகினால், அல்லது கையைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அச்சு அசைந்தால், புதுப்பித்த பெட்டி வாங்க வேண்டும். இங்கேயும் ஒரு எச்சரிக்கை. 'புதுப்பித்தது' என்று விற்கப்படும் சிலவற்றில் புதியது பெயிண்ட் மட்டும்தான். நான் ஒரு முறை ஏமாந்தேன். பளபளவென்று கறுப்பு வண்ணம், புது எண்ணெய், புது மூடி. இரண்டு மாதத்தில் ஒழுகியது. திறந்து பார்த்தால் அச்சின் புஷ் பழையதே. வாங்கும்போதே கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் மாறினால் வேறு கடை.

நல்ல கை ஷாக் 48 குதிரைச் சக்தி 1098 சி.சி. என்ஜினுக்குப் போதும். ஆனாலும் பின்பக்கத்துக்கு மட்டும் குழாய் ஷாக் போட நினைத்தால் நான் தடுக்க மாட்டேன். பின்பக்கத்தில் கை ஷாக் வெறும் ஷாக்காக மட்டுமே வேலை செய்கிறது, அதனால் மாற்றுவது எளிது. பின் ஆக்சில் குதிப்பது நன்றாகவே குறையும். நான் பார்ப்பது சட்டத்தின் கோணத்தை மட்டும். மலிவான கிட்களில் ஷாக்கைப் பாதி படுக்க வைத்துவிடுகிறார்கள். நேராக நிற்கும் ஷாக்கின் பலன் முழுவதும் சக்கரத்துக்குப் போகும். 30 பாகை சாய்த்தால் முக்கால் பங்குதான் போகும். 45 பாகை சாய்த்தால் பாதி. பாதி வேலை செய்யும் புது ஷாக்கைவிட முழு வேலை செய்யும் பழைய ஷாக் நல்லது.

ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். முறுக்குத் தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். 'கொஞ்சம் தடிமனான பார்' என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்துப் பட்டையில் கதை வேறு. ஒரே தடிமனில் ஏழு பட்டை இருக்கும் இடத்தில் ஒன்றை எடுத்தால் ஏழில் ஒரு பங்கு விறைப்பு குறையும். ஆக முன்பக்கம் ஒரு சிறு மாற்றம், பின்பக்கம் ஒரு பட்டை மாற்றம் என்று செய்தால் இரண்டும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். பின் பட்டை தளர்ந்திருந்தால் புதிதாக வாங்குவதற்கு முன், லாரிப் பட்டைகளை வளைத்துக் கொடுக்கும் பட்டறையில் காட்டுங்கள். பழைய வளைவுக்குக் கொண்டுவந்து தருவார்கள். வளைத்துக் கொண்டுவந்த பட்டைகளைத் துரு நீக்கி, இடையில் கிரீஸ் தடவி அடுக்குங்கள். பாதி 'கடமுடா' அதிலேயே போய்விடும்.

சாய்வைக் குறைக்க வேறு வழி உண்டு. இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வை எதிர்க்கும் தண்டுதான் ஆன்டி ரோல் பார்; மைனருக்குத் தொழிற்சாலை அதைக் கொடுக்கவே இல்லை. முன்பக்கத்தில் மெல்லிய ஒன்றைப் போட்டால் நேர்ச்சாலையின் மென்மை கெடாமல் வளைவுச் சாய்வு மட்டும் குறையும். எனக்குப் பிடித்த ஒரே 'கூட்டல்' இதுதான். பின்பக்கத்தில் போட வேண்டாம். ஈரச் சாலையில் வால் வழுக்கும், டர்பனின் மழையும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த 60 மி.மீ. தாழ்த்தும் கதை. என் வாலிபத்தில் நானும் இறக்கினேன். எண்பதுகளில் என்னிடம் ஒரு மைனர் இருந்தது. டார்ஷன் பார்களை இரண்டு பல் தள்ளிப் பொருத்தி, பின்பக்கம் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி தாழ்த்தினேன். தைப்பூசம் வந்தது. கிளேர்வுட் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். முன்னால் நானும் அப்பாவும். பின்னால் அம்மா, அத்தை, இரண்டு தங்கைகள், மடியில் பால்குடங்கள். சாட்ஸ்வர்த்தை விட்டு வெளியே வருவதற்குள் முதல் மேட்டிலேயே சைலன்சர் தரையைத் தொட்டது. அடுத்த குழியில் பின் ஆக்சில் நேராகச் சட்டத்தில் மோதியது. பின்னாலிருந்து ஒரு குரல்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தையின் மஞ்சள் புடவையில் பால் வடிந்துகொண்டிருந்தது. அம்மா, "முருகனுக்கு ஊற்ற வேண்டியதை எங்களுக்கு ஊற்றிவிட்டாய்" என்றார். அடுத்த சனிக்கிழமை வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது.

வெட்கம் ஒரு பக்கம். இயந்திரக் காரணமும் இருக்கிறது. ஸ்டியரிங் ராக் சட்டத்தில் நிலையாக இருக்கிறது. வண்டியை இறக்கினால் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி படுக்கைவாட்டை விட்டுக் கோணலாகிவிடும். பிறகு சக்கரம் குழியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் திருப்பாமலே வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். பின்பக்கத்துக் கட்டையும் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளியைக் கூட்டி, கிளம்பும்போது ஆக்சிலை முறுகித் துள்ள வைக்கும். 25 மி.மீ. வரை பெரிய தீமை இல்லை. 60 என்பது கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிப் போகும் வண்டிக்கு. ஃபீனிக்ஸ் தெருக்களின் வேகத்தடைகளைத் தினமும் கடக்க வேண்டிய உங்களுக்கு வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சில சாலைகள் எப்படி ஆயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மாமா '1400 பக்கியின் (சிறு பிக்கப் வண்டி) என்ஜினைப் போட்டுவிடலாம்' என்கிறாராம். ரோஸ்லினில் 2008 வரை செய்த அந்த நிசான் என்ஜின் நல்ல என்ஜின், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் போடும் நாளில் நான் மேலே எழுதிய பாதி மாறிவிடும். முன்பக்கத்து 8 அங்குல டிரம் பிரேக்கும் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. குளூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பைன்டவுனுக்கு இறங்கும்போது பெடல் பஞ்சாகிப் போனால் எந்த ஷாக் அப்சார்பரும் காப்பாற்றாது. என்ஜின் ஆசை இருந்தால் முன் டிஸ்க் பிரேக்கில் தொடங்கி, பிறகு பேசுங்கள்.

உதிரிகளுக்குப் பயப்பட வேண்டாம். இந்தக் காருக்கு இங்கிலாந்தில் இன்னும் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கிறது. இலங்கையிலும் மைனர்கள் நிறைய ஓடுகின்றன. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தெரிந்தவர் இருந்தால் அந்த வழியையும் விசாரியுங்கள். அங்கே மைனர் மெக்கானிக்குகளின் கைவேலை எனக்கு எப்போதும் மரியாதைக்குரியது. தாத்தாவின் வண்டியிலிருந்து கழற்றும் எதையும் உடனே தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றச் சாலைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோவீர்கள். அங்கே ஒழுகும் ஷாக்கும், ஆடும் சக்கரமும், சட்டத்தின் துருவும்தான் முதலில் பார்க்கப்படும்.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட். நீங்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்க, பெட்ரோல் பாதி நிரம்பியிருக்கச் செய்யச் சொல்லுங்கள். காலியாக நிற்கும் வண்டியின் கணக்கு வேறு. முன்சக்கரங்கள் உள்நோக்கி 2 மி.மீ. அளவில் இருக்கட்டும், ரேடியலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் சரி. அலைன்மென்ட் இயந்திரத்தில் உங்கள் கார் பட்டியலில் இல்லை என்று அந்தப் பையன் சொல்வான். எண்ணை நீங்களே சொல்லுங்கள். பின் ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டுகளை 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை கட்டாயம் இறுக்க வேண்டும். புதிதாக அடுக்கிய பட்டைகள் அமர்ந்து அவை தளர்ந்திருக்கும். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு பழைய மெயின் ரோடு வழியாகப் போத்தாஸ் ஹில்வரை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் முன்சக்கரத்தைத் தூக்கி, அந்த 'கடக்' இருக்கிறதா என்று மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.